இம்பெக்கபிள் தலையணை

என் மனைவியிடம் போய் யாராவது "ஒரு குறையும் இல்லை" என்று சொன்னால், அன்றைக்கு அந்த ஆள் தொலைந்தார். இவளுக்குப் புருவம் ஏறிவிடும். "ஒண்ணுகூட இல்லையா? அப்ப ஏதோ பெருசா இருக்கு" என்பாள். அந்தப் பெரிசு வெளியே வரும்வரை விடமாட்டாள்.

அவளுக்குத் தொழிலே அதுதான். நான்கு மாடி ஹோட்டல் ஒன்றில் இரண்டாம் மாடிக்கு ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர், பத்தொன்பது வருடமாக. வேலை செய்யும் பெண்கள் அறையைத் துடைத்து, படுக்கை விரித்து, வெளியே வந்ததும் இவள் உள்ளே போவாள். கதவுச் சட்டத்தின் மேல்விளிம்பில் ஒரு விரல். கட்டிலுக்கு அடியில் டார்ச் வெளிச்சம். குளியலறைக் கண்ணாடியை நேராகப் பார்க்க மாட்டாள், தலையைச் சாய்த்துப் பக்கவாட்டில் பார்ப்பாள். அப்போதுதான் துணி போன தடம் தெரியுமாம். அங்கே அவளுக்குப் பெயர் 'பூதக்கண்ணாடி'. முதுகுக்குப் பின்னால்தான். நேரில் எல்லோரும் "அக்கா, அக்கா" என்று குழைவார்கள்.

அவளிடம் ஒரு நீளமான நோட்டு உண்டு. குறைப் புத்தகம். மூன்று பத்தி: பொருள், குறை, நடவடிக்கை. நடவடிக்கைப் பத்தியில் மூன்றில் ஒன்றைத்தான் எழுதலாம் என்பது ஹோட்டல் விதி. 'மாற்றவும்', 'சரிசெய்யவும்', 'இருக்கட்டும்'. துண்டில் கறை போகவில்லை, ஆனாலும் தூக்கிப் போட வேண்டாம், அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றால் 'இருக்கட்டும்'. முதல் மாடியிலும் நான்காம் மாடியிலும் பக்கத்துக்குப் பத்து 'இருக்கட்டும்' இருக்கும். என் மனைவி பத்தொன்பது வருடத்தில் ஒருமுறைகூட எழுதியதில்லை. "ஒரு தடவை எழுதிட்டா கை பழகிடுங்க. அப்புறம் எல்லாமே இருக்கட்டும்தான்" என்பாள். சுத்தமான அறை என்றால் 'குறை காணவில்லை' என்று எழுதுவாள். 'குறை இல்லை' என்று எழுத மாட்டாள். இல்லை என்று சொல்ல நான் யார், நான் பார்த்தவரை காணவில்லை, அவ்வளவுதான் என்பது அவள் வாதம். இதோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன் பாருங்கள், எனக்குத்தான் கோவில் கட்ட வேண்டும்.

அவள் அப்பா பழைய நாற்காலி, மேசை வாங்கி விற்றவர். விரிசல் விட்ட இடத்தில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைப்பார், மேலே வார்னிஷ் அடிப்பார், வெயிலில் காயவைப்பார். ஏழு வயதில் வார்னிஷ் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றது இவள்தான். வாங்க வருகிறவரிடம் அவர், "ஒரு கீறல் காட்டுங்க, சும்மாவே எடுத்துட்டுப் போங்க" என்று சவால் விடுவார். அப்படி வாங்கிப் போன ஒருவர் அடுத்த வாரம் கையில் மாவுக்கட்டோடு வந்து வாசலில் நின்றார். நாற்காலியின் கால் உடைந்து விழுந்திருக்கிறார். டப்பா பிடித்த கையை இவள் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாளாம். இதை என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னாள், அதுவும் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டாள்.

எங்கள் கல்யாணப் பேச்சின்போது என் அத்தை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "பையன்மேல ஒரு குறை சொல்ல முடியாது" என்று அளந்துவிட்டாள். தீர்ந்தது கதை. மறுநாளே இவள் நான் வேலை செய்யும் லாண்டரிக்குத் துணி போடுகிற சாக்கில் வந்து நின்றிருக்கிறாள். எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் ஒருவருடைய சட்டைக் காலரைத் தீய்த்துவிட்டிருந்தேன். ஒரு துண்டுச் சீட்டில் 'என் கைத்தவறு, தீய்ந்துவிட்டது, மன்னிக்கவும்' என்று எழுதி அந்தச் சட்டையிலேயே குத்திவைத்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னாளாம். "குறைய மறைக்காத ஆளு" என்று தன் தங்கையிடம் சொல்லியிருக்கிறாள். இருபத்திரண்டு வருடத்தில் என்னைப் பற்றி அவள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது, அதுவும் எனக்கு நேரே அல்ல.

நான் மட்டும் என்ன வாழ்ந்தது! கல்யாணமான புதிதில் ஒரு நாள், "இந்தப் புடவை உனக்கு நல்லா இருக்கும்மா" என்றேன். திரும்பிப் பார்த்து, "என்ன தப்பு பண்ணீங்க?" என்று கேட்டாள். அதோடு பாராட்டுகிற பழக்கத்தை மூட்டை கட்டிவைத்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில்தான் அந்த அட்டை வந்து விழுந்தது.

ஹோட்டலுக்குப் புது மேனேஜர் ஒருவர் வந்தார். வந்த வாரமே, இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் சேர்த்து ஒரே சூப்பர்வைசர் போதும் என்று அறிவித்தார். யார் அந்த ஒருவர் என்பதை விருந்தாளிகளே சொல்லட்டுமாம். ஒவ்வொரு தலையணை மேலும் மாடி எண் போட்ட ஒரு சின்ன அட்டை. தங்கினவர் ஆங்கிலத்தில் இரண்டு வரி கருத்து எழுதி வரவேற்பில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும். வாரா வாரம் பெட்டியைத் திறந்து எண்ணுவார், குறை சொல்லும் அட்டையை அந்தந்த மாடிக்கு அனுப்புவார், ஒரு மாதம் கழித்து முடிவு. பாராட்டு அதிகம் வாங்கினவருக்கு இரண்டு மாடி, மற்றவர் வேலையை விட்டு வீட்டுக்குப் போகலாம்.

மூன்றாம் மாடி சூப்பர்வைசரை எல்லோரும் 'சிரிப்பு சார்' என்பார்கள். லிஃப்ட் வாசலில் பேனாவோடு நின்று, "ஒரே ஒரு வார்த்தை எழுதிட்டுப் போங்க சார்" என்று பல்லைக் காட்டுவார். அவசரத்தில் இருப்பவர் என்ன எழுதுவார்? 'பெர்ஃபெக்ட்' என்று கிறுக்கிவிட்டு ஓடுவார். மூன்றாம் மாடிக்கு பெர்ஃபெக்டாகக் குவிந்தது. இவள் மாடிக்கு வந்தது ஒரே ஒரு அட்டை. 'ஜன்னல் கொக்கி லூஸ்.' அதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினபோது இவள் முகத்தில் சந்தோஷம் வேறு! "பார்த்தீங்களா, நான் மூணு வாரம் முன்னாடியே புத்தகத்துல எழுதிட்டேன். மெக்கானிக்தான் வரல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீயும் போய் லிஃப்ட்கிட்ட நில்லேன்மா."

"கேட்டு வாங்கினா அது பாராட்டா? குறை இல்லாத ரூம்ல எவன் உட்கார்ந்து எழுதிட்டிருப்பான்? தூங்குவான், எழுந்து போவான்."

"அப்ப வேலை போனா?"

குறைப் புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்தாள், மறுபடி வெளியே எடுத்தாள், மறுபடி வைத்தாள். வேலை போனால் அந்தப் பூதக்கண்ணாடி முழுநேரமும் என் பக்கம் திரும்பிவிடுமே என்று பயந்ததாக நான் வெளியே கிண்டலாகச் சொல்லிக்கொள்வேன். உண்மை அதுவல்ல. அந்த விரலையும் டார்ச்சையும் எடுத்துவிட்டால் இவளிடம் மிச்சம் என்ன இருக்கும் என்பதுதான் என் பயம்.

இப்போது நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஹோட்டலின் விரிப்பு, தலையணை உறை எல்லாம் எங்கள் லாண்டரிக்குத்தான் வரும். மூட்டையை அவிழ்த்துக் கொட்டித் துணிகளைத் தனித்தனியாகப் பிரிப்பது என் வேலை. ஒற்றைக் காலுறை, பேனா மூடி, கம்மல் என்று துணியோடு சுருண்டு வருவதையெல்லாம் மாடி எண் போட்ட காகித உறையில் வைத்து வரவேற்புக்குத் திருப்பி அனுப்புவோம். இப்போது அட்டைகளும் வர ஆரம்பித்தன. எழுதாத வெற்று அட்டைகள், கசங்கி, மடங்கி. இரண்டாம் மாடி மூட்டையில் வந்ததை எல்லாம் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். எழுதினேன். ஒன்றல்ல, பதினொன்று. இடது கையால் சில, சாய்த்துச் சில, பச்சை மையில் ஒன்று. உறையில் போட்டு அனுப்பினால் வரவேற்புப் பெண் பெட்டியில் போட்டுவிடுவாள். எவனுக்குத் தெரியப்போகிறது?

என்ன எழுதுவது என்பதுதான் சிக்கல். என் ஆங்கிலம் துணியில் தைத்திருக்கும் சலவைச் சீட்டைப் படிக்கிற ஆங்கிலம். வெறும் பெர்ஃபெக்ட் என்று எழுதினால் மூன்றாம் மாடிக்கும் இவளுக்கும் என்ன வித்தியாசம்? ஃபோனில் 'பெர்ஃபெக்ட்' என்று தட்டி, இதே பொருளில் வேறு வார்த்தை கேட்டேன். கொட்டியது. ஸ்பாட்லெஸ், ஃப்ளாலெஸ், ஃபால்ட்லெஸ், இம்மாகுலேட், இம்பெக்கபிள், அன்ப்ளெமிஷ்ட். எல்லாவற்றுக்கும் தமிழில் 'குறையற்ற' என்றே போட்டிருந்தது. பிறகென்ன? கல்யாணத் தரகர் மாதிரி உட்கார்ந்து அறையில் இருக்கும் சாமான் ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தையை ஜோடி சேர்த்தேன். 'பாத்ரூம் ஸ்பாட்லெஸ்.' 'பக்கெட் ஃப்ளாலெஸ்.' 'சோப்பு ஃபால்ட்லெஸ்.' 'தலையணை இம்பெக்கபிள்.' எழுதி முடித்ததும் அட்டை கசங்கலாக இருப்பது கண்ணை உறுத்தியது. கஞ்சி போட்ட மெல்லிய துணி ஒன்றை மேலே போட்டு, இஸ்திரிப் பெட்டியால் ஒரு இழுப்பு இழுத்தேன். புத்தம் புதிதாகிவிட்டது. எனக்கே என்மேல் ஒரு பெருமை வந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, என் மனைவி வீட்டுக்குள் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். பையிலிருந்து பதினொரு அட்டையையும் எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தாள், ஓரத்தை மட்டும் பிடித்து.

"எனக்கு வந்ததாம். மேனேஜர் கூப்பிட்டுக் காட்டினாரு. 'கடைசி மூணு வாரத்துல உங்க மாடிக்கு மட்டும் திடீர்னு பதினொண்ணு. நீங்களே எழுதிப் போட்டீங்களா?'ன்னு கேட்டாரு. என்னப் பார்த்து!"

"நீ என்ன சொன்ன?"

"நான் எழுதலன்னேன். அப்ப யாருன்னு கேட்டாரு. நானே கண்டுபிடிச்சுச் சொல்றேன்னு வாங்கிட்டு வந்துட்டேன். திங்கட்கிழமை காலைல பதில் சொல்லணும். இல்லன்னா என் கை வேலைன்னு எழுதி அனுப்பிடுவாராம். பத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம் திருட்டுப் பட்டத்தோட வீட்டுக்கு வரணும்."

வேலையைக் காப்பாற்றப் போய் பெயரையும் சேர்த்து அல்லவா தொலைக்கப் பார்த்திருக்கிறேன்! அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "காபி போடட்டுமா?" என்றுதான் வந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களா? காபியா?"

அதற்கப்புறம் என்னை அடிக்கடி பார்க்க ஆரம்பித்தாள். அல்லது அப்படி எனக்குத் தோன்றியது. சும்மா இருமினாலும் இவள் ஏன் திரும்புகிறாள் என்று சந்தேகம். நான் ஃபோனை எடுத்தால் அவள் பார்வை ஃபோனில் நிற்கிறதோ என்று சந்தேகம். சனிக்கிழமை முழுக்க ஒரே வீட்டில் இரண்டு போலீஸ்காரர்கள் ஒருவரை ஒருவர் வேவு பார்ப்பது போல இருந்தோம்.

குறை சொல்லும் ஆங்கிலம் அத்தனையும் இவளுக்குத் தெரியும். ஸ்டெயின், லீக், கிராக், பிரோக்கன், மிஸ்ஸிங். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். குறையில்லை என்று சொல்லும் ஆங்கிலம் ஒன்றுகூடத் தெரியாது. தேவைப்பட்டதில்லை.

"இதெல்லாம் என்னங்க?" என்று அட்டையைத் தள்ளினாள்.

"எல்லாம் நல்லா இருக்குன்னுதான் எழுதியிருக்கான்" என்றேன், பார்த்தும் பார்க்காமலும்.

"ஒரே விஷயத்தைச் சொல்ல எதுக்குங்க ஆறு வார்த்தை? ஒரு வார்த்தைல நிக்காத ஆளு எதையோ பூசி மெழுகுறான்னு அர்த்தம்." ஃபோனை எடுத்தாள். "தங்கச்சி மகளக் கூப்பிடறேன். அவளுக்குத் தெரியும்."

அந்தப் பெண் பழைய சாமான் விற்கும் இணையதளம் ஒன்றில் வேலை செய்கிறாள். விற்கிறவர்கள் எழுதி அனுப்பும் ஆங்கில விளம்பரத்தைத் திருத்திப் போடுவது அவள் வேலை. "தாத்தாவோட வார்னிஷ் டப்பாவ இவ கம்ப்யூட்டர்ல தூக்கிட்டு அலையறா" என்று இவள் அடிக்கடி முணுமுணுப்பாள். இப்போது அவளே தேவைப்பட்டாள்.

ஞாயிறு மதியம் அவள் வந்தாள். உட்கார்ந்து முதல் அட்டையைப் படித்தாள், தலையாட்டினாள். "'பாத்ரூம் ஸ்பாட்லெஸ்.' இது சரி, பெரியம்மா. கறை, அழுக்கு ஒரு பொட்டுகூட இல்லன்னு அர்த்தம். சமையலறை, தரை, வெள்ளச் சட்டை, இதுக்கெல்லாம் சொல்லுவாங்க." அடுத்ததை எடுத்தாள். உதட்டைக் கடித்தாள். அதற்கடுத்ததை எடுத்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "தலையணை இம்பெக்கபிளாமே! ஏன், பெரியப்பா, எழுதினவர் உள்ள வந்ததும் தலையணை எழுந்து நின்னு வணக்கம் சொல்லிச்சா?"

"எனக்கென்ன தெரியும்?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"இம்பெக்கபிள்னா நடத்தைக்குச் சொல்றது. மரியாதை, பேச்சு, உடுத்துற விதம், சரியான நேரத்துக்கு வர்றது, இப்படி ஒரு மனுஷன் செய்யற எதுலயும் குத்தம் சொல்ல முடியலன்னா. தலையணை என்ன செய்யும் பாவம்?"

"மேல சொல்லு" என்றாள் என் மனைவி. நோட்டைத் திறந்து குறிப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஃப்ளாலெஸ்னா உள்ள ஒரு கீறல்கூட இல்லாதது. வைரத்துக்குச் சொல்லுவாங்க. முகத்துக்கு, ஒருத்தர் பாடினதுக்கு, ஆடினதுக்குச் சொல்லலாம். இவரு பக்கெட்டுக்குச் சொல்லியிருக்காரு. ஃபால்ட்லெஸ்னா தப்பு விடாம செஞ்சது. பரீட்சைல பேப்பர் திருத்தற மாதிரி, கொஞ்சம் விறைப்பான வார்த்தை. சோப்பு எந்தப் பரீட்சை எழுதிச்சு? இம்மாகுலேட்டுன்னா மடிப்புக் கலையாத சுத்தம். கோட்டு, சூட்டு, வீடு. எங்க சைட்டுல பழைய கார் விக்கிறவன் எல்லாம் 'இம்மாகுலேட் கண்டிஷன்'னுதான் போடுவான். அதப் பார்த்தா நான் உடனே போட்டோவப் பெருசாக்கிப் பார்ப்பேன். எங்கயாவது ஒரு அடி பட்டிருக்கும்."

"அப்படிச் சொல்லுடி!" என் மனைவிக்கு மூன்று நாளில் முதல்முறையாக முகம் மலர்ந்தது. தங்கை மகளை அவள் அத்தனை பிரியமாகப் பார்த்து நான் கண்டதில்லை. "இந்தப் பெர்ஃபெக்ட்?"

"அது எல்லாத்துக்கும் சொல்றது, அதனாலேயே ஒண்ணுத்துக்கும் இல்லாதது. எங்க டீம் லீடர்கிட்ட எத நீட்டினாலும் 'பெர்ஃபெக்ட்'ம்பாரு, படிக்கவே மாட்டாரு. சில இடத்துல அதுக்கு 'முழு'ன்னுதான் அர்த்தம். 'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்'னா குறையில்லாத அந்நியன் இல்ல, முன்ன பின்ன அறிமுகமே இல்லாத ஆளு." கடைசி அட்டையைத் தூக்கிப் பிடித்தாள். "இத பாருங்க, 'பெட்ஷீட் அன்ப்ளெமிஷ்ட்.' இது பழத்துக்குச் சொல்லுவாங்க, அடிபடாத பழம்னு. இல்லன்னா ஒருத்தரோட பேருக்கு. இத்தனை வருஷ வேலைல ஒரு கறுப்புப் புள்ளி விழாதவங்களுக்கு. உங்களுக்குச் சொல்லலாம் பெரியம்மா. பெட்ஷீட்டுக்குச் சொல்லிட்டாரு."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எழுதினது ஒரே ஆளு" என்று அந்தப் பெண் தீர்ப்புச் சொன்னாள். "கையெழுத்த மாத்தியிருக்கான், ஆனா ஃபோன்ல லிஸ்ட் பார்த்து மேலேருந்து கீழ அப்படியே எழுதியிருக்கான். ஆங்கிலம் இவன் நாக்குல இல்ல."

என் மனைவி பையிலிருந்து ஜன்னல் கொக்கி அட்டையை எடுத்தாள். பத்திரமாக வைத்திருந்தாள். யாராவது திட்டி எழுதினால்தான் அவளுக்கு நம்பிக்கை. அதன் ஒரு மூலை மடிந்திருந்தது, நடுவில் கோப்பை வைத்த வட்டம். அதை மற்றப் பதினொன்றோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். ஒன்றை எடுத்து, கண்ணாடியைப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துப் பக்கவாட்டில் பார்த்தாள். விரலால் மெல்லத் தடவினாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது. கசங்கல் எடுக்கும்போது கஞ்சி வாசனை ஏறிவிடும் என்று லாண்டரிக்காரனான எனக்கு ஏன் தோன்றாமல் போனது? மடிப்போ கறையோ ஒன்றில்கூட இல்லை. இந்த உலகத்தில் எந்த விருந்தாளி கருத்து அட்டையை இஸ்திரி போட்டுக் கொடுப்பான்?

அவள் அட்டையைக் கீழே வைத்தாள். தங்கை மகளுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள், வேலை எப்படிப் போகிறது என்று விசாரித்தாள், வாசல்வரை போய் வழியனுப்பினாள். கதவைச் சாத்திவிட்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"எல்லாத்தையும் ஒரே நாள்ல இஸ்திரி போட்டீங்களா, தனித்தனியாவா?"

"தனித்தனியா" என்றேன். சப்பைக்கட்டு கட்ட எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

"வெள்ளிக்கிழமைலேருந்து இங்கதான உட்கார்ந்திருக்கீங்க? நான் இத வெச்சுக்கிட்டு மண்டைய உடைச்சிக்கிறதப் பார்த்துக்கிட்டு?"

"பயமா இருந்துச்சு."

"காலர் தீஞ்சப்ப சீட்டு எழுதிக் குத்தின ஆளுதான நீங்க?" அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. இருபத்திரண்டு வருடத்தில் நான் அதைக் கேட்டதில்லை.

எனக்கும் கோபம் வந்தது, என்மேலா அவள்மேலா தெரியவில்லை. "பின்ன என்னம்மா பண்ணச் சொல்ற? பத்தொன்பது வருஷமா கட்டிலுக்கு அடியில குனிஞ்சு குனிஞ்சு பார்த்திருக்க. நீ நல்லா வேலை செய்றன்னு ஒருத்தனாவது எழுத வேணாமா? எவனும் எழுதல. நான் எழுதினேன்!"

"அத என்கிட்ட ஒரு தடவை தமிழ்ல சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"சொன்னா நம்புவியா நீ?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாதவள். "நம்பியிருக்க மாட்டேன்" என்றாள். அட்டைகளை அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அவள் கிளம்பும்போது, "நான் வந்து சொல்லிடட்டுமா?" என்றேன். "நீங்க உங்க வேலையப் பாருங்க" என்று போய்விட்டாள். நான் பார்த்த வேலையின் லட்சணம், காலையிலேயே இரண்டு தலையணை உறையைத் தீய்த்தேன். என்ன செய்வாள்? தானே எழுதியதாகச் சொல்லிப் பழியை ஏற்றுக்கொள்வாளோ? ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுவாளோ? எதுவாக இருந்தாலும் என்னை இனி ஒரு நாளும் நம்பமாட்டாள் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் ஹோட்டலிலிருந்து ஃபோன் வந்தது. மேனேஜர் என்னைப் பார்க்க வேண்டுமாம்.

பின்வாசல் வழியாக உள்ளே போனேன். மேனேஜரின் அறையில் என் மனைவி இல்லை. மேசைமேல் குறைப் புத்தகம் விரிந்திருந்தது.

"உங்க மனைவி எதுவும் வாயால சொல்லல" என்றார் மேனேஜர். "காலைல கையெழுத்துக்கு வழக்கம்போல புத்தகத்த வெச்சுட்டு மாடிக்குப் போயிட்டாங்க. நான் பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன். கடைசி ரெண்டு வரி கண்ணுல பட்டுச்சு." விரலை வைத்துப் படித்தார்.

"'பொருள்: கருத்து அட்டைகள், பதினொன்று. குறை: அனைத்தும் பொய். எழுதியவர் என் கணவர், லாண்டரி ஊழியர். எனக்கு நேற்றுதான் தெரியும். வாசனையை முதல் நாளே கவனிக்காதது என் தவறு. நடவடிக்கை: மாற்றவும்.'"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இதப் பார்த்துட்டு மூணாம் மாடிப் புத்தகத்தக் கொண்டுவரச் சொன்னேன். ஆறு மாசமா ஒரு குறைகூட இல்ல. எல்லாம் பெர்ஃபெக்ட்! நானே மேல போய்க் கதவுச் சட்டத்துல விரல வெச்சுப் பார்த்தேன்." தன் விரலை இன்னும் அழுக்கு ஒட்டியிருப்பது போலப் பார்த்தார். "ரெண்டு மாடியும் உங்க மனைவிக்குத்தான். அவரு வரவேற்புக்குப் போகட்டும், அந்தச் சிரிப்பு அங்க உதவும். நீங்க இனிமே இந்த ஹோட்டல் மூட்டையத் தொடக் கூடாது. உங்க முதலாளிகிட்டச் சொல்லிட்டேன்."

"சரிங்க சார்" என்றேன். எழுந்திருக்கப் போனேன்.

"உட்காருங்க. எனக்கு இன்னொண்ணு புரியல." புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். "கடைசி வரி. இந்தப் புத்தகம் முழுக்கத் திருப்பிப் பார்த்துட்டேன், பழைய புத்தகங்களையும் எடுக்கச் சொன்னேன். இந்த வார்த்தைய இவங்க எங்கயுமே எழுதல. உங்களுக்கு மட்டும் எழுதியிருக்காங்கன்னா என்ன அர்த்தம்?"

எனக்குப் பழகின கையெழுத்து. பொருள் பத்தியில் 'கணவர்' என்று இருந்தது. குறைப் பத்தியில், 'மேற்கண்டபடி. மூன்று நாள் மறைத்தார்.' நடவடிக்கைப் பத்தியில் ஒரே ஒரு வார்த்தை.

இருக்கட்டும்.

"கறை போகாது, ஆனா துணியத் தூக்கிப் போட வேண்டாம்னு அர்த்தம் சார்" என்றேன். மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன், தமிழில். "நீ ரொம்ப நல்லா வேலை செய்றம்மா."

நின்றாள். புருவம் ஏறியது. "என்ன தப்பு பண்ணீங்க?"

"அதான் புத்தகத்துல எழுதிட்டியே" என்றேன்.